ஒரு போன், ஐந்து பேர்

*1989இல் வசதியுள்ளவர்களின் காரோடு கொழும்புக்கு வந்த கைபேசி, இன்று வட கொழும்பின் தொடர்மாடி வீடுகளில் அரிசி, பருப்போடு சேர்ந்துவிட்டது. அது உடைந்தால் ஒரு வீட்டில் என்னென்ன நின்றுபோகும்? மட்டக்குளியிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.*

மாலை ஐந்தரை மணி. மட்டக்குளி பஸ் நிலையத்திலிருந்து உள்ளே திரும்பும் ஒரு வீதியில், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் ஒரு சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் வண்ண வண்ணக் கைபேசி உறைகள், சார்ஜர்கள், இயர்போன்கள். சுவரில் எல்லா நிறுவனங்களின் ரீலோட் ஸ்டிக்கர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. பின்னால் ஓர் இளைஞர் மேசை விளக்கின் கீழ் குனிந்து, திறந்து கிடக்கும் ஒரு போனின் வயிற்றுக்குள் ஊசிமுனைக் கருவியை விட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு மூதாட்டி வருகிறார். பாடசாலை வெள்ளைச் சீருடையை இன்னும் மாற்றாத பேத்தி அவரது கையைப் பிடித்திருக்கிறாள். முந்தானையில் சுற்றிவந்த போனை அவர் மேசையில் வைத்து அவிழ்க்கிறார். திரை முழுவதும் சிலந்திவலை.

“தம்பி, படியில விழுந்திருச்சு. ஒண்ணுமே தெரியுதில்ல.”

“டிஸ்ப்ளே போயிருச்சும்மா. விட்டுட்டுப் போங்க, நாளைக்குப் பின்னேரம் தாரேன்.”

“நாளைக்கா? இன்னைக்கு ராத்திரி மக எடுப்பாளே, குவைத்துல இருந்து.”

பேத்திக்கு வேறு கவலை. டியூஷன் ஆசிரியர் பாடக் குறிப்புகளை வட்ஸ்அப்பில்தான் அனுப்புவார். தம்பியின் வகுப்புக் குழுவும் அதே போனில்தான். மாமா ஞாயிறுகளில் முச்சக்கர வண்டி ஓட்டும்போது வாடகை வருவதும் அதில்தான். தாத்தாவின் கிளினிக் திகதியும் அதில்தான் குறித்திருக்கிறது. அந்த வீட்டில் ஐந்து பேர். போன் ஒன்று.

இலங்கையில் கைபேசி இணைப்புகளின் எண்ணிக்கை மக்கள்தொகையைத் தாண்டிப் பல வருடங்களாகின்றன. அந்தக் கணக்கைப் பார்ப்பவருக்கு எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, வேலை முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். ஒருவருடைய சட்டைப்பையில் இரண்டு சிம் இருப்பது அந்தக் கணக்குக்குத் தெரியும். ஐந்து பேர் ஒரு திரையை முறைவைத்துப் பங்கிடுவது தெரியாது. மட்டக்குளியின் கதை அந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது.

### காரோடு வந்த போன்

1973 ஏப்ரல் 3 அன்று நியூயோர்க் வீதியில் நின்றபடி, மோட்டரோலா நிறுவனத்தின் மார்ட்டின் கூப்பர் கையடக்கத் தொலைபேசியில் உலகின் முதல் அழைப்பை எடுத்தார். அது கடைக்கு வரப் பத்து வருடங்களாயின. ஆனால் கொழும்புக்கு வர அதிக காலம் எடுக்கவில்லை. 1989இல் செல்டெல் நிறுவனம் இங்கே சேவையைத் தொடங்கியபோது அது தெற்காசியாவின் முதல் செல்லுலார் வலையமைப்பு. இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்றுதான் நடந்தது. அயல்நாட்டை நாம் ஆறு வருடங்கள் முந்தியிருந்தோம்.

ஆனால் அந்த முந்துதல் மட்டக்குளிக்கும் முகத்துவாரத்துக்கும் எட்டவில்லை. அந்தக் காலத்துக் கைபேசி கம்பனி முதலாளிகளுக்கும் பெரிய வியாபாரிகளுக்கும் உரியது. அழைப்பவர் மட்டுமல்ல, அழைப்பை ஏற்பவரும் காசு கட்டவேண்டும். யாராவது நம்மைக் கூப்பிட்டால் நமக்குச் செலவு! பிறகு நிறுவனங்கள் பெருகின, போட்டி வந்தது, விலை இறங்கியது. 0777 என்று தொடங்கும் இலக்கம் வைத்திருப்பவரை இன்றும் கொழும்பில் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள். அது முதல் அலையில் வாங்கியவர் என்பதன் அடையாளம்.

> வந்த வழி
>
> 1989 – செல்டெல் சேவை தொடங்குகிறது.
>
> 1993 – மொபிடெல் வருகிறது.
>
> 1995 – டயலொக், தெற்காசியாவின் முதல் ஜிஎஸ்எம் வலையமைப்பைத் தொடங்குகிறது.
>
> 1996 – தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அமைகிறது.
>
> 2006 – 3ஜி, தெற்காசியாவிலேயே முதலில் இலங்கையில்.
>
> 2009 – எயார்டெல் இலங்கையில் கால் பதிக்கிறது.
>
> 2012 – கைபேசி வழியே காசு அனுப்பும் ஈசி கேஷ்.
>
> 2013 – 4ஜி.
>
> 2015 – பிக்மி செயலியில் வாடகை வண்டிகள்.
>
> 2024 – எயார்டெல் லங்கா, டயலொக்குடன் இணைகிறது.

### கொமியூனிகேஷன் கடையின் காலம்

கைபேசி ஏழைக்கு எட்டுவதற்கு முன் கொழும்புத் தமிழருக்கு ஒரு கோயில் இருந்தது. அதன் பெயர் ‘கொமியூனிகேஷன்’.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தொண்ணூறுகளில் வாழ்ந்த யாருக்கும் அந்தக் கடைகளை விளக்கத் தேவையில்லை. பலகை அடித்த சின்னக் கூண்டுகள், உள்ளே ஒரு தொலைபேசி, தலைக்கு மேல் ஓடும் மீட்டர். வாசலில் ‘ஐடிடி’ என்று பெரிய எழுத்து. போட்டோகொப்பியும் பெக்ஸும் அதே இடத்தில்.

போர் வடக்குக் கிழக்கின் தொலைபேசித் தொடர்புகளை அறுத்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்புக்கு வந்தவர்கள் லொட்ஜ்களில் தங்கி, விசாவுக்காகவும் பிள்ளையின் குரலுக்காகவும் காத்திருந்தார்கள். கனடாவிலும் சுவிஸிலும் இலண்டனிலும் இருந்த பிள்ளைகள் இத்தனை மணிக்கு எடுப்போம் என்று கடிதத்தில் சொல்லியிருப்பார்கள். அந்த மணிக்கு முன்னரே தாய் கடை வாங்கிலில் போய் உட்கார்ந்திருப்பார். கூண்டுக்குள் போனதும் அவரது கண் மீட்டரில், காது பிள்ளையின் குரலில். நலம் கேட்பதற்கு முன் செலவைக் கணக்கிடும் பழக்கம் அங்கேதான் நமக்கு வந்தது. வெளியே நிற்பவர்களுக்கு எல்லாம் கேட்கும். இருமலும், கல்யாணப் பேச்சும், அழுகையும், உண்டியல் காசு வந்துசேர்ந்ததா என்ற கேள்வியும்.

2002இன் போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் யாழ்ப்பாணத்தில் கைபேசி மணி அடிக்கத் தொடங்கியது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டு மீண்டும் போர் மூண்டபோது வடக்கின் கைபேசிச் சேவைகளும் முடங்கின. ஓர் இணைப்பைக் கொடுப்பதற்கும் பறிப்பதற்கும் அரசுக்கு எவ்வளவு வல்லமை உண்டு என்பதைத் தமிழர்கள் இணையம் பரவுவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

கொமியூனிகேஷன் கடைகள் இப்போது சாவியும் வெட்டுகின்றன, படமும் பிடிக்கின்றன. கூண்டுகள் போய்விட்டன. பெயர் மட்டும் பலகைகளில் நிற்கிறது.

### ‘ரிங்கட்’ என்ற மொழி

கூண்டிலிருந்து வெளியே வந்த குரல், முன்கட்டண சிம் வழியாக வீட்டுக்குள் வந்தது. 2003இல் வந்த நோக்கியா 1100ஐ மறக்கமுடியுமா? விழுந்தாலும் உடையாத உடம்பு, உச்சியில் ஒரு டோர்ச். மின்சாரம் போன படிக்கட்டில் அது விளக்கு. முடுக்குகளும் இருட்டுப் படிகளும் நிறைந்த வட கொழும்பில் அந்த டோர்ச்சுக்காகவே வாங்கியவர்கள் உண்டு. அதே காலத்தில் கம்பியில்லாத சிடிஎம்ஏ தொலைபேசி அலுமாரிக்கு மேல் ஏறியது. வீட்டு இணைப்புக்கு வருடக்கணக்காகக் காத்திருந்த தலைமுறைக்கு அது ஒரு விடுதலை.

காசில்லாதவர்கள் தங்களுக்கென்று ஒரு மொழியையே உண்டாக்கினார்கள். அதுதான் ரிங்கட். ஒரு மணி அடித்து வெட்டினால் ‘வந்து சேர்ந்துவிட்டேன்’. இரண்டு தடவை வெட்டினால் ‘நீ எடு, என்னிடம் காசில்லை’. காதலர்களுக்கு வேறு அகராதி. ஒரு சதமும் செலவில்லாமல் ஒரு நகரம் தன் செய்திகளைப் பரிமாறிக்கொண்டது.

அதைவிடப் பெரிய மாற்றம் வேலையில் வந்தது. மேசன் பாஸும் பெயின்ட் அடிப்பவரும் குழாய் திருத்துபவரும் முன்பு காலையில் சந்தியில் போய் நிற்பார்கள். யார் கண்ணில் படுகிறாரோ அவருக்கு வேலை. இப்போது வேலை இலக்கத்தைத் தேடி வருகிறது. ஒரு மதில் கட்டினால் அதன் படம் அடுத்த வாடிக்கையாளருக்குப் போகிறது. துறைமுகத்தில் கூலிக்கு ஆள் எடுப்பவரும் முதல்நாள் இரவே அழைத்துவிடுகிறார். முச்சக்கர வண்டிக்காரர் தரிப்பிடத்தில் முறைக்குக் காத்திருந்த காலம் போய், திரையில் விழும் வாடகைக்குக் காத்திருக்கும் காலம் வந்திருக்கிறது.

நன்மைதான். ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. சந்தியில் நிற்கக் காசு தேவையில்லை. இன்று போன் இல்லாதவர், அல்லது போனைப் பிள்ளையின் பாடத்துக்கு விட்டுவந்தவர், அந்த வரிசையிலேயே இல்லை.

### வீதிகள் அடைபட்ட ஒக்டோபர்

மட்டக்குளியின் வடக்கு எல்லையில் களனி கங்கை. அக்கரையில் பேலியகொடை. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொவிட் தொற்று கண்டுபிடிக்கப்பட்டதும், மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டால், கொட்டாஞ்சேனை, வெல்லம்பிட்டி பொலிஸ் பிரிவுகளில் தனிமைப்படுத்தல் ஊரடங்கு அமுலானது. நாள்கள் வாரங்களாக நீண்டன. அப்போது க.பொ.த. உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. பரீட்சை அனுமதி அட்டையையே ஊரடங்கு அனுமதியாகக் காட்டிப் பிள்ளைகள் வெளியே போனார்கள்.

மற்றப் பிள்ளைகளுக்குப் பாடசாலை, போனுக்குள் போயிருந்தது. வட்ஸ்அப்பில் பயிற்சித்தாள், சூமில் வகுப்பு. லர்ன்ஏஷியா ஆய்வு நிறுவனம் 2018இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளில் 34 வீதமானவற்றில்தான் ஏதோ ஒரு இணைய இணைப்பு இருந்தது. அதாவது மூன்றில் ஒரு வீடு. பெருந்தொற்று அந்த நிலையில்தான் நம்மைப் பிடித்தது.

மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று வகுப்பு என்றால் என்ன செய்வது? ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான குடியிருப்புகள் எல்லாவற்றிலும் அந்தத் தீர்ப்பை வழங்கியவர்கள் தாய்மார். பெரும்பாலும் பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளைக்குப் போன் போனது. இளையவர்கள் இரவு வரை காத்திருந்து குரல்பதிவைக் கேட்டார்கள். நாள்சம்பளம் நின்றுபோன வீட்டில், டேட்டா கார்ட்டா பால்மாவா என்ற கேள்வியும் அதே தாயின் முன்தான் வந்து நின்றது. அன்று காத்திருந்த இளையவர்களில் பலர் இன்று சாதாரண தரத்தை நெருங்குகிறார்கள். அவர்களுடைய எழுத்திலும் கணக்கிலும் உள்ள இடைவெளி எந்தக் கைபேசிக் கணக்கெடுப்பிலும் வராது. வகுப்பறையில் மட்டும் தெரியும்.

அதே போன்தான் அந்த நாள்களில் உயிரையும் காத்தது. நிவாரணப் பொதி எந்த முடுக்குக்கு வருகிறது, மருந்து யார் கொண்டுவருவார், பிசிஆர் முடிவு என்ன என்பதெல்லாம் அதில்தான் வந்தன. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகமுடியாதவர்கள் போனைச் சுவாமிப் படத்தின் அருகே சாய்த்துவைத்துத் திருப்பலி பார்த்தார்கள்.

### பெற்றோல் வரிசையும் கறுப்புச் சதுரமும்

2022இல் நாடு வங்குரோத்தானபோது கைபேசி இன்னொரு படி ஏறியது. அந்த ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி அறிமுகமானது. வண்டியின் விபரத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொடுத்துப் பதிந்தால் ஒரு கியூஆர் குறி வரும். அதைக் காட்டினால்தான் எரிபொருள். முச்சக்கர வண்டிக்கு ஆரம்பத்தில் வாரத்துக்கு ஐந்து லீற்றர். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது ஒரு நாளைக்கே போதாது.

வரிசைகள் குறைந்தன என்பது உண்மை. நாள்கணக்கில் ரோட்டில் படுத்திருந்தவர்களுக்கு அந்தக் கறுப்புச் சதுரம் பெரிய ஆறுதல். ஆனால் ஸ்மார்ட்போன் இல்லாத வண்டிக்காரர் என்ன செய்தார்? கொமியூனிகேஷன் கடைக்குப் போனார். அங்கே பதிந்து, தாளில் அச்சிட்டு, லெமினேட் செய்து வண்டியில் தொங்கவிட்டார். தாள் அவரைக் காப்பாற்றியது. 2023 செப்டெம்பரில் அந்த முறை முடிவுக்கு வரும்வரை பல வண்டிகளில் அது தொங்கியது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. போனில்லாதவருக்கும் ஒரு வழியை விட்டுவைத்ததால்தான் அந்தத் திட்டம் ஏழைக்கும் வேலை செய்தது. அடுத்து வரும் எந்த அரச சேவையும் அந்தத் தாளை மறந்துவிடக் கூடாது.

> போனில் இருக்கவேண்டிய இலக்கங்கள்
>
> 1990 – சுவசெரிய அம்பியூலன்ஸ், கட்டணமில்லை
>
> 119 – பொலிஸ் அவசர சேவை
>
> 117 – அனர்த்த முகாமைத்துவ நிலையம்
>
> 1929 – சிறுவர் உதவிச் சேவை
>
> 1938 – பெண்களுக்கான உதவிச் சேவை
>
> 1919 – அரச தகவல் நிலையம்
>
> போன் வாங்குமுன்: \*#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். IMEI என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணை எழுதி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று தெரியும். பதியாத போனை வாங்கி ஏமாறவேண்டாம்.

### திரைக்குள் ஓர் அம்மா

வட கொழும்பில் வீட்டுவேலைக்காக வளைகுடா போன பெண்கள் இல்லாத தோட்டம் அரிது. முன்பு தாய் போனால் மாதம் ஒரு கடிதம், எப்போதாவது ஒரு கசெட். திரும்பி வரும்போது பிள்ளை அவரை அடையாளம் காணாமல் பாட்டியின் பின்னால் ஒளியும். இன்று இமோ செயலியில் தாயின் முகம் இரவுதோறும் வருகிறது. அவர் பிள்ளைக்குப் பல் துலக்கச் சொல்கிறார், கொப்பியைக் காட்டச் சொல்கிறார், காய்ச்சலா என்று கேட்டு முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவரச் சொல்கிறார். எஜமானர் வீட்டில் வேலை முடிந்த பிறகு, சமையலறை மூலையில் நின்றபடி.

இது தாய்மைக்குப் பதிலாகாது. ஆனால் கடிதக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள், இதன் அருமையைச் சொல்வார்கள். அங்கே கொடுமை நடந்தாலும் முதலில் பறிக்கப்படுவது போன்தான். இரண்டு நாள் அழைப்பு வராவிட்டால் மட்டக்குளியில் ஒரு வீடு சமைப்பதில்லை.

இந்தப் பொதுப் போனில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லோரும் திறக்கும் போனில் யாருக்கும் இரகசியம் இல்லை. அடிவாங்கும் பெண் 1938ஐ அழைத்தால் அந்த இலக்கம் கணவன் கண்ணில் படும். படத்தைக் காட்டி மிரட்டப்படும் மாணவி, அப்பாவும் அண்ணனும் பயன்படுத்தும் போனில் யாரிடம் முறையிடுவாள்? தாய் அனுப்பும் காசுக்கான ஓடிபி யார் கையில் இருக்கும்போது வருகிறதோ அவர்தான் அந்தக் காசின் எஜமான். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி இலக்கத்தைக் கேட்கும் மோசடிக்காரருக்கு, போனை எடுத்த பாட்டியோ சிறுவனோ பதில் சொல்லிவிடுகிறார்கள். ஒருவருக்கு ஒரு போன் என்று நினைத்து உருவாக்கிய பாதுகாப்பு, ஐந்து பேருக்கு ஒரு போன் உள்ள வீட்டில் கதவில்லாத பூட்டு.

பிள்ளைகளைப் பற்றிய கவலை எல்லா வீட்டிலும் ஒன்றுதான். கார்ட்டூன் ஓடாவிட்டால் சோறு இறங்காத குழந்தை, நள்ளிரவு தாண்டியும் விளையாட்டை விடாத பையன். காக்கைத்தீவுக் கடற்கரையில் மாலையில் பட்டம் விடும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அருகே, ஒரே திரையின் மேல் நான்கு தலைகளும் குனிந்திருக்கின்றன. திட்டுவது எளிது. ஆனால் பத்தடி அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில், ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தனியாக இருக்க வேறு எந்த அறை இருக்கிறது?

### முடக்கமும் வதந்தியும்

2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த சத்தம் வட கொழும்பைக் குலுக்கியது. அந்தக் காலை ஒவ்வொரு வீட்டிலும் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். கோயிலுக்குப் போனவரை அழைத்தார்கள். சிலருக்கு மறுமுனையில் மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை.

அன்றே பேஸ்புக், வட்ஸ்அப் உள்ளிட்டவை முடக்கப்பட்டன. வெறுப்பையும் வதந்தியையும் தடுக்க என்று காரணம் சொல்லப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டி, திகன வன்முறையின்போதும் அப்படித்தான். அங்கே வெறுப்புப் பதிவுகள் முஸ்லிம்களின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நெருப்பு வைக்க உதவின என்பதை யாரும் மறுக்கமுடியாது. 2022 ஏப்ரல் 3 அன்று, மக்கள் அரசுக்கு எதிராகத் திரண்டபோது, மீண்டும் முடக்கினார்கள். எதிர்ப்பு எழுந்ததால் அதே நாளில் திறந்தார்கள். கலவரத்துக்கு எடுத்த பூட்டை எதிர்ப்பின் வாயிலும் போட்டுப் பார்த்தார்கள் என்பதே அதன் பொருள். 2024இல் வந்த 9ஆம் இலக்க நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி ஊடகவியலாளர்களும் தமிழ், முஸ்லிம் செயற்பாட்டாளர்களும் அஞ்சுவது இந்த அனுபவத்தால்தான்.

முடக்கத்தின் சுமையையும் சமமாகப் பங்கிடமுடியாது. விபிஎன் தெரிந்த இளைஞருக்கு அது ஒரு மணிநேரத் தொல்லை. வளைகுடாவிலிருந்து அழைக்கும் தாய்க்கு அது ஓர் இரவு முழுவதும் பயம்.

### எச்சரிக்கை எந்த மொழியில்?

முகத்துவாரம் என்ற பெயரிலேயே ஆற்றின் வாய் இருக்கிறது. மலைநாட்டில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை, மட்டக்குளிக்கும் முகத்துவாரத்துக்கும் அருகேதான் கடலில் விழுகிறது. 2016 மேயில் அது பெருகியபோது கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே உலுக்கியபோதும் களனிக் கரைகளில் இருந்தவர்கள் இரவெல்லாம் போனைப் பார்த்தபடி விழித்திருந்தார்கள்.

அந்தப் புயலின்போது எழுந்த முறைப்பாடு தமிழருக்குப் புதிதல்ல. எச்சரிக்கைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முதலில் வந்தன, தமிழில் பிந்தின அல்லது போதவில்லை. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்திலிருந்து தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அது வீதிப் பலகைக்கு மட்டுமான உரிமையல்ல. நீர்மட்டம் உயரும் செய்தி ஒரே நிமிடத்தில் மூன்று மொழிகளிலும் போன் வைத்திருப்பவர்கள் எல்லோரையும் எட்டவேண்டும். இதற்கான தொழில்நுட்பம் புதிதாக வரவேண்டியதில்லை. அனர்த்த எச்சரிக்கையைக் கைபேசி வழியே அனுப்பும் வலையமைப்பை டயலொக்கும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சேர்ந்து 2009லேயே அறிமுகப்படுத்திவிட்டன. கருவி இருக்கிறது. அதில் தமிழில் எழுத ஓர் ஆளை இரவுப் பணியில் உட்காரவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

நமது பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். தமிழ் விசைப்பலகை ஸ்மார்ட்போன்களில் இலவசமாக இருக்கிறது. பாட்டிக்கு அனுப்பும் செய்தியையாவது தமிழ் எழுத்தில் அனுப்பினால், பாட்டியே அதை வாசிப்பார்.

### அவசியப் பொருளுக்கு ஆடம்பர வரி

பாடசாலை போனில் நடந்தது. எரிபொருள் போனில் கிடைத்தது. வேலை, வங்கி, வைத்தியசாலைத் திகதி எல்லாம் போனில் வருகின்றன. ஆனால் நமது வரிச் சட்டத்தின் கண்ணில் அது இன்னும் 1989இல் காரோடு வந்த போன்தான். 2011இன் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தொலைத்தொடர்பு வரி ஒவ்வொரு ரீலோட்டிலும் கழிகிறது. 2024 ஜனவரி முதல் கைபேசி வாங்கும்போதும் 18 வீத வற் வரி. நூறு ரூபாய்க்கு ரீலோட் செய்யும் கூலித் தொழிலாளியும் பெரிய பக்கேஜ் போடும் முதலாளியும் ஒரே வீதத்தில் கட்டுகிறார்கள்.

அரசுக்கு வருமானம் தேவை என்பது நமக்குத் தெரியும். ஆனால் போனை எல்லாவற்றுக்கும் வாசலாக்கிவிட்டு, அந்த வாசலிலேயே கட்டணம் வசூலிப்பது நியாயமல்ல. மிகச் சிறிய ரீலோட்டுக்கும் பிள்ளைகளின் கல்விக்கான இணையத்துக்கும் வரியைக் குறைக்கலாம். பாடசாலைகள் காணொளியைவிடக் குறைந்த டேட்டாவில் இறங்கும் பாடத்தைத் தரலாம். எந்தச் சேவைக்கும் தாளிலும் குரலிலும் ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், இணைப்புகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஒரு போனை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்று எண்ணத் தொடங்க வேண்டும். அந்த எண் தெரியாமல் போடும் எந்த டிஜிட்டல் திட்டமும் மட்டக்குளியின் படிக்கட்டு ஏறாது.

### கடைக்குத் திரும்பி

அந்த மாலைக்கு வருவோம். கடைக்கார இளைஞர் உடைந்த போனிலிருந்து சிம்மைக் கழற்றினார். லாச்சியிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்து அதற்குள் போட்டுக் கொடுத்தார். “ஒரு ராத்திரிக்கு இத வச்சிக்கோங்க. சாதாரண கோல் வரும்.”

“மக இமோவுலதானே தம்பி எடுப்பா?”

இளைஞர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தன் போனை நீட்டினார். பேத்தி மனப்பாடமாக இலக்கத்தைச் சொன்னாள். பாட்டி குரல்பதிவுக்காக அந்தப் போனை வாயருகே பிடித்துக்கொண்டு, கொமியூனிகேஷன் கூண்டுக்குள் பேசியவர்களைப் போலச் சத்தமாக, செலவுக்கு அஞ்சுபவரைப் போல வேகமாகச் சொன்னார்: “போன் ஒடஞ்சிருச்சு. நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பயப்படாத.”

இருவரும் தெருமுனைக்குப் போயிருக்கமாட்டார்கள். கடைக்காரரின் போன் அடித்தது. குவைத் இலக்கம். அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு வீதிக்கு ஓடிவந்து, “அம்மா! அம்மா! ஒங்க மக!” என்று கூப்பிட்டார்.

பாட்டி திரும்பி வந்தார். கடைமுன் ரீலோட் போட நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பேத்தி எட்டிப் பார்த்துத் திரையில் முகத்தைத் தேடினாள். மீட்டர் ஓடவில்லை. ஆனாலும் பாட்டி ஒரே நிமிடத்தில் பேசி முடித்து, திரையை முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் அந்த இளைஞரிடம் திருப்பிக் கொடுத்தார்.